வலது பக்கக் கட்டத்தில் நைனா எழுதச் சொன்னது

காலை ஒன்பது மணிக்கு எங்கள் அலுவலகத்தில் காப்பி நேரம். ஒன்பது என்றால் ஒன்பதுதான். ஏழு பேர் நீள மேசையைச் சுற்றி உட்கார்வோம். ஆளுக்கு ஒரு கோப்பை, ஒரு துண்டு ரொட்டி, பதினைந்து நிமிடம். அதில் யாராவது ஒருவர் ஜன்னலைப் பார்த்து, "காற்று அடிக்கிறது" என்பார். இன்னொருவர் அதைக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆமாம்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. பின்லாந்துக்கு வந்த முதல் மாதம் இவர்கள் எல்லோரும் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். எதற்குச் சண்டை, யார் பக்கம் நியாயம் என்று கண்டுபிடிக்கக்கூட முயன்றேன். சண்டை எதுவும் இல்லை. இது அவர்களுக்கு நல்ல காப்பி நேரம்.

இந்தக் குளிர்காலத்தில் இந்த அமைதியை மூன்று மாதம் உடைத்தவள் நான். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் என் போன் அலறும். இங்கே ஒன்பது என்றால் எங்கள் ஊரில் பன்னிரண்டரை, சோறு துன்னும் நேரம். எங்கள் அப்பாவை நைனா என்போம்; அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனை மூக்குவரை கொண்டுபோய் என் படத்தைத் தேடி அழுத்துவார். எடுத்து "அலோ" என்பதற்குள் அந்தப் பக்கம் குரல் கிளம்பிவிடும்.

"பாப்பா, மம்பட்டிய எங்க வச்சான்னு உங்க அண்ணன கேளு."

"அண்ணன் எங்க நைனா?"

"தோ, எதிர்ல குந்திகினு துன்னுகினு கீறான்."

அதே போனில், கொஞ்சம் தள்ளி, அண்ணன் ஏழுமலையின் குரல் வரும். "மோட்டார் கொட்டாயில கீதுன்னு சொல்லு பாப்பா."

"நைனா, மோட்டார் கொட்டாயில…"

"உழுந்துச்சி. நான் இன்னா செவுடா?"

பட்டென்று போன் நிற்கும். நான் தலை நிமிர்ந்தால் ஆறு பேரும் கோப்பையைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் ஏதாவது ஆபத்தா என்று எங்கள் தலைமை ஆய்வாளர் மார்யா மெதுவாகக் கேட்பார். "இல்லை, மண்வெட்டி" என்பேன். அவர் அதையும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நல்லது" என்பார். இப்படியாக, எளாவூருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில், கயிற்றுக்கட்டிலிலிருந்து பத்தடி தள்ளியிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போகவேண்டிய சேதி, அண்ணன் மத்தியானம் வீட்டில் இருக்கும் நாளெல்லாம் பின்லாந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

இதில் பெரிய வேடிக்கை என் உத்தியோகம். வயதானவர்களும் அவர்கள் பிள்ளைகளும் எப்படி நல்லபடியாக வாழலாம், பராமரிப்பு எங்கே வலிக்கிறது, எங்கே ஆறுகிறது என்று ஆராய்வதுதான் என் வேலை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அண்ணன் எட்டாவதோடு நிறுத்திக்கொண்டு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பெனிக்குப் போனார். நைனா பள்ளிக்கூடத்துக்குள் போனது ஓட்டுப் போட மட்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதற்கு ஒரு சான்றிதழ் உண்டு. அதை வாங்க நானும் நைனாவும் தாலுகா ஆபீசுக்கு நான்கு நாள் நடந்தோம். அங்கிருந்த எழுத்தர், "உங்க ஊட்ல வேற யாரும் படிக்கலையா?" என்று கேட்டதற்கு நைனா, "இதுக்கு முன்னாடி தேவப்படல" என்றார். அந்தச் சான்றிதழோடு நர்சிங் படித்து, வேலை செய்து, விண்ணப்பம் மேல் விண்ணப்பம் போட்டு இங்கே மேல்படிப்புக்கு வந்தேன். முதியோர் உறவு பற்றிப் படித்தவள் என்று கழுத்தில் அட்டை தொங்க, சொந்த வீட்டில் அப்பனும் மகனும் பேசாமல் இருப்பதை எப்படித் தீர்ப்பது என்று தெரியாமல் மண்வெட்டிச் சேதி கடத்திக்கொண்டிருந்தேன்.

அவர்கள் பேசாமல் போன கதை இதுதான். நைனாவிடம் ஒரு மொபெட் உண்டு. நான் பத்தாவது படிக்கும்போது நெல் விற்று வாங்கியது. எங்கள் வீட்டிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஒன்றரை கிலோமீட்டர். அங்கே டீக்கடை எதிரில் அண்ணனின் கம்பெனி பஸ் நிற்கும். அன்றிலிருந்து அண்ணனை பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடுவது நைனாதான். அண்ணனுக்குக் கல்யாணமாகி, ஒரு பெண் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் நைனா முன்னால், அண்ணன் மடியில் சோத்து டப்பாவோடு பின்னால். சொந்தமாக பைக் வாங்கும் வசதி அண்ணனுக்கு எப்போதோ வந்துவிட்டது. ஏன் வாங்கவில்லை என்று யாரும் கேட்டதில்லை.

போன தீபாவளி கழிந்த வாரம், சாயங்கால வெளிச்சத்தில், சோதனைச்சாவடிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த ஒரு லாரியின் பின்பக்கத்தில் நைனா போய் முட்டிக்கொண்டார். கண்ணில் புரை. முழங்கையில் சிராய்ப்பு, மட்கார்டு கோணல், வேறு ஒன்றுமில்லை. "லாரி ஓடிகினு இருக்கணும். நின்னது அவன் தப்பு" என்பது நைனாவின் வாதம். சேதி கேட்டு ஓடிவந்த அண்ணன், டீக்கடையில் நாலு பேர் எதிரில், வண்டியிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "இன்னிமே நீ வண்டிய தொட்ட, அவ்ளோதான்." அன்றோடு நைனா அண்ணனிடம் பேசுவதை நிறுத்தினார். அண்ணன் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். வண்டி வாங்கியபோது கொடுத்த இரண்டாவது சாவி, அம்மா உயிரோடு இருந்த காலத்திலேயே கிணற்றில் விழுந்துவிட்டது. இது எங்கள் வீட்டுச் சரித்திரம். ஆகவே அண்ணன் இடுப்பில் இருப்பதுதான் உலகத்திலேயே ஒரே சாவி. சாவி இருந்தும் அண்ணன் வண்டியை எடுக்கவில்லை. நடந்தே பஸ்ஸுக்குப் போனார். "நைனா பாத்துகினு இருக்கச்சொல்ல நான் எப்டி பாப்பா ஓட்டிகினு போவறது?" என்றார். வண்டி வாசலில் நின்றது. நைனா தினமும் காலையில் அதைத் துடைத்தார்.

இது வெறும் வீம்பாக இருந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அண்ணன், திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் பேசிக் கண் ஆப்பரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டு வந்தார். அவர் வாங்கிய தேதி என்பதால் நைனா போகவில்லை. இரண்டாவது தேதிக்கும் போகவில்லை. புரை முற்றிக்கொண்டே போகிறது, இன்னும் தள்ளிப்போட்டால் சிக்கலாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றாவது தேதி தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. "அவன் சொன்ன தேதிக்கு நான் கண்ண குடுக்க முடியாது" என்றார் நைனா, காப்பி நேரத்தில், பின்லாந்துக்காரர்கள் ஆறு பேர் முன்னிலையில்.

இங்கே எங்கள் ஆய்வில் ஒரு தாள் உண்டு. வயதானவர் இருக்கும் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் அதைத் தருவோம். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம், இன்று இந்தப் பெரியவர் என்னென்ன பெற்றுக்கொண்டார். வலது பக்கம், இன்று இவர் என்ன கொடுத்தார். இடது பக்கம் மளமளவென்று நிரம்பிவிடும்: மாத்திரை, குளியல், சூப், டாக்டர். வலது பக்கம் வெறுமையாகவே வரும். பெரியவர்களே, "நான் என்ன கொடுக்கப்போகிறேன்" என்பார்கள். மார்யாவின் விதி ஒன்று: வலது பக்கத்தில் ஒரு வரியாவது விழாமல் அந்த வீட்டைவிட்டு எழுந்து வரக்கூடாது. முதலில் இது எனக்கு வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்காகத் தெரிந்தது. பெற்றோருக்கு நாம் செய்வதுதானே விஷயம், அவர்கள் எதற்குத் திரும்பச் செய்யவேண்டும்?

என் கர்வத்தை உடைத்தவர் எய்னோ என்கிற கிழவர். முதியோர் குடியிருப்பு ஒன்றில் ஏரியைப் பார்த்த அறை அவருக்கு. அவர் மகன் யாரி மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். வியாழக்கிழமைதோறும் அப்பாவைப் பார்க்க வருவார். நான் மூலையில் உட்கார்ந்து கவனித்து எழுதவேண்டும். யாரி வந்தார், குளிர்கோட்டைக் கழற்றி மாட்டினார், அப்பா பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இருவரும் ஏரியைப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் பார்த்தார்கள். ஏரியில் ஒன்றுமே நடக்கவில்லை. அது உறைந்து கிடந்தது. எங்கள் ஊரில் ஒரு மகன் அப்பன் பக்கத்தில் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்தால், பங்காளிகளைக் கூப்பிட்டிருப்பார்கள். தாங்கமுடியாமல், எனக்குத் தெரிந்த பின்னிஷ் மொழியில் யாரியிடம், "உங்களுக்குள் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெரிய மனுஷன் முகம் வெளுத்துப்போயிற்று. "ஏன்? அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா?" என்று என்னைக் கேட்டார். கிழவரும் பயந்துபோய், "எனக்கு என்ன?" என்றார். இருவரையும் சமாதானப்படுத்த எனக்கு அரைமணி நேரமாயிற்று. கிளம்பும்போது எய்னோ, ஏரியைப் பார்த்தபடியே, "பாலத்தில் வழுக்கும்" என்றார். யாரி "ம்" என்றார். வெளியே வந்து என்னிடம், "இன்று அப்பாவோடு நல்லா பேசிக்கொண்டிருந்தோம்" என்றார்.

நான் தாளில், "உரையாடல் இல்லை. ஒரே ஒரு வாக்கியம், வானிலை பற்றி. உறவு: மோசம்" என்று எழுதிக்கொடுத்தேன். மார்யா அதைப் படித்துவிட்டுப் பேனாவால் அந்த ஒரே வாக்கியத்தைத் தொட்டார். கிழவர் தினமும் வானொலியில் மகன் போகும் பாதையின் தட்பவெப்பத்தைக் கேட்டு வைக்கிறார். வியாழக்கிழமை அதை மகனுக்குச் சொல்கிறார் என்றார். இது எந்தப் பக்கம் எழுதவேண்டியது என்று கேட்டார். வலது பக்கம், என்றேன். பிறகு அவர், "உனக்குப் பாலத்தைப் பற்றிச் சொல்வது யார்?" என்றார். இந்த ஊர்க்காரர்கள் அபூர்வமாகத்தான் கேள்வி கேட்பார்கள். கேட்டால் இப்படித்தான் கேட்பார்கள்.

தை மாதம் மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போனேன். பெட்டியில் அண்ணன் மகளுக்குச் சாக்லேட், அண்ணி தேவகிக்குக் கம்பளிச் சால்வை (எங்கள் ஊர் வெயிலில் அதை என்ன செய்வாள் என்று யோசிக்கவில்லை), தமிழில் நானே மொழிபெயர்த்த இருபது தாள்கள். வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. படித்த படிப்புக்கு இது போதும் என்று நினைத்தேன்.

முதல் நாள் நான் செய்தது, இங்கே குடும்பக் கூட்டங்களில் செய்வதை அப்படியே அங்கே செய்தது. எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்தேன். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது, குரலை உயர்த்தக்கூடாது, மனசில் பட்டதைச் சொல்லவேண்டும். குறுக்கே பேசக்கூடாது என்று ஆனதும் எங்கள் வீட்டில் யாருக்கும் எப்படிப் பேச ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. நைனா கூரையைப் பார்த்தார். அண்ணன் கால் விரலைப் பார்த்தார். பின்லாந்தை இறக்குமதி செய்துவிட்டேன், ஆனால் ஏரி இல்லாத பின்லாந்து. கடைசியில் அண்ணிதான் எழுந்தாள். "இன்னா நாத்தனாரே இது, எழவு ஊடு மாதிரி கீது. நான் போய் டீ போடறேன்."

அடுத்த நாள் தாளை அண்ணியிடம் கொடுத்தேன். மாமனாருக்கு இன்று என்னென்ன செய்தாய் என்று கேட்டதும் அவள் கொட்ட ஆரம்பித்தாள். காலையில் வெந்நீர், பிரஷர் மாத்திரை, நாஷ்டாவுக்கு இட்லி, இட்லி வேண்டாமென்றதும் கேழ்வரகுக் கூழ், கூழில் உப்பு பத்தவில்லை என்றதும் உப்பு, கண்ணுக்குச் சொட்டு மருந்து, காணாமல்போன துண்டு, அது தோளிலேயே இருந்தது. இடது பக்கம் நிரம்பி, தாளைத் திருப்பி எழுதினேன். மூன்று மாதமாக இதை ஒருத்தரும் அவளிடம் கேட்டதில்லை என்பது அவள் சொன்ன வேகத்திலேயே தெரிந்தது. நானும் கேட்டதில்லை. என்னிடம் போனில் வந்த சேதிகளில் அண்ணி ஒரு சேதியாகக்கூட வரவில்லை.

"சரி அண்ணி, மாமா உனக்கு இன்னா குடுத்தாரு?"

"தலவலி."

"அத்த எழுத முடியாது."

"ஏன், கட்டம் பத்தாதா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "முன்னாடிலாம் உங்க அண்ணன பஸ் ஏத்திட்டு வரச்சொல்ல, எளாவூர்ல மல்லித்தழ கட்டு வாங்கியாருவாரு. நான் கேக்கவே மாட்டேன். இப்ப வண்டியும் இல்ல, மல்லியும் இல்ல" என்றாள்.

நான் அதை எழுதிக்கொண்டே அண்ணனைப் பார்த்தேன். அவர் இரண்டாம் ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலைவரை நானும் கூடவே நடந்தேன். நெல் அறுப்புக்கு நின்ற வயலைத் தாண்டும்போது, ஏன் இத்தனை வருஷமாக பைக் வாங்கவில்லை என்று கேட்டேன். "வாங்கினா நைனாவாண்ட எப்ப பேசறது?" என்றார். வீட்டில் மூஞ்சியைப் பார்த்தால் இருவருக்கும் சண்டைதான் வருமாம். வண்டியில் போகும்போது நைனா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார், இவர் நைனாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார். கம்பெனியில் கை நசுங்கப் பார்த்ததை, முதல் குழந்தை கலைந்துபோனதை, எனக்கு வெளிநாட்டுப் படிப்புக்குச் சரி சொல்லலாமா என்பதை, எல்லாவற்றையும் அந்த ஒன்றரை கிலோமீட்டரில்தான் பேசியிருக்கிறார்கள். எனக்கு எய்னோவும் யாரியும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே திசையைப் பார்ப்பது. அதை நான் "மோசம்" என்று எழுதினேன்.

"அப்ப நீயே போய் பேசேண்டா அண்ணா."

"நான் இன்னா தப்பு பண்ணேன்? புடுங்காம உட்டிருந்தா இன்னிக்கு போட்டோக்கு மால போட்டுகினு இருப்போம்" என்றார். பஸ் வந்துவிட்டது.

புதன்கிழமை காலை நைனாவிடம் போனேன். அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கே அழுக்கு என்று கண்ணுக்குத் தெரியாததால் கையால் தடவிப் பார்த்துத் துடைத்தார். நான் தரையில் உட்கார்ந்து தாளை முழங்காலில் வைத்துக்கொண்டேன்.

"இன்னா பாப்பா, சென்சஸ்ஸா?"

"நைனா, இந்த ஊட்டுக்கு நீ இன்னிக்கு இன்னா குடுத்த?"

"நான் இன்னாத்த குடுக்கறேன்? குந்திகினு துன்றேன்."

எல்லாப் பெரியவர்களும் சொல்கிற பதில். ஆனால் எழுந்து போகக்கூடாது என்பது விதி. நான் எழுந்திருக்கவில்லை. பேசவும் இல்லை, அதையாவது இந்த நாட்டில் கற்றிருக்கிறேன். இருவரும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். முன்சக்கரம், பின்சக்கரம், சீட்டு எல்லாம் துடைத்தாயிற்று. கோணலான மட்கார்டை ஒருமுறை தடவினார். பிறகு வேட்டியைத் தூக்கி, பட்டாபட்டி அண்டர்வேர் பாக்கெட்டுக்குள் கையை விட்டு, எதையோ எடுத்து என் தாளின் மேல் வைத்தார்.

சாவி. வருஷக்கணக்கில் கிணற்றுக்குள் கிடந்த சாவி.

"நைனா! இது…"

"கெணத்துலயும் உழல, ஒண்ணியும் உழல. உங்கம்மாதான் அப்டி சொல்லச் சொன்னா. உங்க அண்ணன் வயசுப் பையன், ரெண்டு சாவி கீதுன்னா சினிமாவுக்கு எடுத்துகினு பூடுவான்னு."

"மூணு மாசமா இத்த வச்சிகினா சும்மா இருந்த?"

"எழுதிக்கோ" என்றார். "சாவி கைல இருந்தும் வண்டிய எடுக்கல. ஒரு நாளுகூட எடுக்கல. அத்ததான் நான் குடுத்தேன்."

அவர் வண்டியைப் பார்த்தே பேசினார். "கண்ணு தெரியலன்னு எனக்கு தெரியாதா? எவ்ளோ பெரிய லாரி, அது நிக்கறது தெரியல எனக்கு. அன்னிக்கு பின்னாடி அவன் குந்திகினு இருந்திருந்தா?" கொஞ்ச நேரம் துணியை முறுக்கிக்கொண்டிருந்தார். "கேட்டிருந்தா நானே எடுத்து குடுத்திருப்பேன் பாப்பா. நாலு பேர் எதிர்ல புடுங்கினான் பாரு. புடுங்கினத எப்டி குடுத்ததுன்னு சொல்றது?"

அண்ணனிடம் இதைச் சொல்லலாமா என்று கேட்டேன். எங்கள் தொழிலில் ஒருவர் சொன்னதை அவர் அனுமதி இல்லாமல் இன்னொருவரிடம் கொண்டுபோகக்கூடாது. மூன்று மாதமாக மண்வெட்டியும் மோட்டாரும் கடத்தியவளுக்கு, கடத்தவேண்டிய ஒரே சேதி கிடைத்தபோது சட்டம் குறுக்கே நின்றது. "சொல்லாத" என்றார் நைனா. பிறகு துணியை உதறிக்கொண்டே, "எழுதினத இன்னா பண்ணுவ? டிவி மேல வச்சிட்டு போ. கீழ உழாம மேல எதனா வையி" என்றார். மேலே வைக்க அவரே சாவியைக் கொடுத்தார்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. அண்ணனுக்கு எட்டாவது வரைக்கும் தெரியும். இவ்வளவு நுட்பமான அனுமதிக் கடிதத்தை நான் எந்தப் பாடத்திலும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை கண்விழித்தபோது டிவி மேல் தாள் மட்டும் நாலாக மடித்து இருந்தது. சாவி இல்லை. நைனா கட்டிலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் வந்து எதிரில் நின்று, சட்டையைத் தூக்கி, அரைஞாண் கயிற்று முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். மூன்று மாத வேர்வையில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. வரவில்லை. பல்லால் கடிக்கவும் எட்டாது. அண்ணி அரிவாள்மனையோடு வந்தாள். "அசையாத நில்லு, வேற எதனா அறுந்துடப் போவுது" என்று கயிற்றை அறுத்தாள். நைனாவின் டீ டம்ளர் கட்டிலில் குலுங்கியது. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு அது. அண்ணன் அந்தச் சாவியையும் டிவி மேலிருந்த சாவியையும் டம்ளர் பக்கத்தில் வைத்தார்.

நைனா என்னைப் பார்த்து, "ஆப்பரேஷன் என்னிக்கின்னு உங்க அண்ணன கேளு பாப்பா" என்றார்.

"நாளைக்கின்னு சொல்லு பாப்பா" என்றார் அண்ணன்.

நான் எழுந்துகொண்டேன். "எனக்கு வேல கீது" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்த் தொட்டியருகே நின்றேன். உள்ளே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. என் படிப்பு மொத்தமும் அந்த நேரத்தில் என்னைக் கைவிட்டது, சாமியைத்தான் கும்பிட்டேன். பிறகு நைனாவின் குரல் எழும்பியது. "பெரியபாளையம் வழியா போனா எவ்ளோ நேரமாவும் தெரியுமா உனுக்கு?" அண்ணன் அதற்கு மேல் எழும்பினார். "எனக்குத் தெரியாதா? ரெண்டு தபா தேதி வாங்க யாரு போனது, உன் மாமனா?" "மாமன இழுக்காதடா!" அண்ணி இருவரையும் அடக்க மூன்றாவது குரலில் கத்தினாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தாளில் நான் எழுதினேன்: சத்தம், மிக அதிகம். உறவு, நலம்.

வெள்ளிக்கிழமை மொபெட்டில் அண்ணன் முன்னால், நைனா பின்னால். பஸ் நிறுத்தம் வரைக்கும் "பிரேக்க புடி, ஆரன் அடி, பள்ளம்டா" என்று அவர் சொல்லிக்கொண்டே போனதாக அண்ணன் சொன்னார். பள்ளமே இல்லையாம். டீக்கடை எதிரில் வண்டியை நிறுத்தி, அதே நாலு பேர் பார்க்க, அண்ணன் சாவியை எடுத்து நைனாவின் கையில் வைத்தார். கண் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டு பிரித்ததும் நைனா முதலில் சொன்னது, "ஏழுமல, இன்னாடா இவ்ளோ நரச்சிட்ட?"

இப்போது காலை ஷிப்ட் வாரங்களில் அண்ணன் ஓட்ட, நைனா பின்னால் உட்கார்ந்து போகிறார். வண்டி டீக்கடையில் நிற்கும். சாவி நைனாவிடம். அவர் வயல் வரப்பு வழியாக நடந்து வீடு வருகிறார், கையில் மல்லித்தழையோடு. மத்தியானம் கம்பெனி பஸ் வரும் நேரத்துக்குச் சாவியை எடுத்துக்கொண்டு மறுபடி போகிறார். அவர் போகாவிட்டால் வண்டி கிளம்பாது. இரண்டாவது சாவியை, நான் விமானத்துக்குக் கிளம்பும்போது என் கைப்பையில் போட்டுவிட்டார். "இங்க இருந்தா கை அரிக்கும். நீ வச்சிக்கோ."

திரும்பி வந்த மறுநாள், காலை ஒன்பது மணிக்கு நீள மேசையில் உட்கார்ந்தேன். போன் அடிக்கவில்லை. அடுத்த நாளும் அடிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து மேசையில் ஒருவர், என் போனைப் பார்த்து, "அமைதியாக இருக்கிறது" என்றார். இன்னொருவர் யோசித்துவிட்டு, "ஆமாம்" என்றார். இருவர் குரலிலும் கவலை இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது, அதனால்தான் அடிக்கவில்லை என்றேன். மார்யா தலையாட்டினார். ஆய்வு வெற்றி பெற்றால் ஆய்வாளருக்கு அங்கே வேலை இருக்காது என்பதை யாரும் எனக்குப் பாடத்தில் சொல்லித்தரவில்லை.

நேற்று நானே அழைத்தேன். எடுத்ததும் நைனா பதறினார். "இன்னா பாப்பா? எதனா பிரச்சினையா?"

"ஒண்ணும் இல்ல நைனா. சும்மாதான்."

"சும்மாவா?" நம்பவில்லை. பின்னால் அண்ணன் ஏதோ கத்தினார், இவர் பதிலுக்குக் கத்தினார், இருவரும் நான் போனில் இருப்பதைச் சுத்தமாக மறந்து மோட்டாரைப் பற்றிச் சண்டை போட்டார்கள். நான் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு வழியாக ஞாபகம் வந்து, "அங்க இன்னும் ஐஸ் கீதா?" என்றார்.

"கீது நைனா."

"பாத்து நட. வழுக்கும்."

ஐஸை டீக்கடைப் பெட்டியில் மட்டுமே பார்த்திருக்கும் மனுஷன் அது. போனை வைத்துவிட்டார். சாயங்காலம் வேலை முடிந்து ஏரிப் பாலத்தில், அவர் சொன்னபடி, அடிமேல் அடி வைத்து நடந்து வந்தேன். என்னைத் தாண்டிப்போன ஒருவர், புதிதாக வந்தவள் போலிருக்கிறது என்று பார்த்தார். வீட்டுக் கதவருகே கையுறையைக் கழற்றிச் சாவிக்கொத்தை எடுத்தேன். இரண்டே சாவி. தினமும் போலவே கையில் முதலில் வந்தது மொபெட் சாவி. அது இந்தப் பூட்டில் நுழையாது என்று தெரியும். இருந்தாலும் பூட்டுத் துவாரத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுத்தேன்.